கல்லூரி பேஸ்பால் பயிற்சியாளர்கள் கேட்ச்சரிடம் எதைப் பார்க்கிறார்கள்: தேர்வுக்குத் தயாராக முழு வழிகாட்டி

அமெரிக்கப் பள்ளியில் பேஸ்பால் ஆடும் பையன் கேட்ச்சர், அதாவது பேட்டருக்குப் பின்னால் அமர்ந்து பந்தைப் பிடிப்பவன். கல்லூரி அணியில் சேர ஆசைப்படுகிறான். பெரும்பாலான வீடுகளில் முதலில் நடப்பது என்ன? இரண்டாம் பேஸுக்கு எறிய எத்தனை நொடி ஆகிறது என்று அளந்து, அந்த எண்ணை நாற்பது கல்லூரிகளுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருப்பார்கள். எண் தேவைதான். அதைப் பார்த்துத்தான் பயிற்சியாளர் மைதானத்துக்கே வருவார். வந்த பிறகு அவர் மனதில் ஓடும் கேள்வி வேறு: மூன்றாம் பேஸில் ஆள் நிற்கும்போது, இந்தப் பையனை நம்பி என் பிட்சர் (பந்து வீசுபவன்) பந்தைத் தைரியமாக மண்ணில் குத்துவானா?

கீழே உள்ள படிகள் அந்தக் கேள்விக்குப் பதில் தயார் செய்யும் வரிசையில் இருக்கின்றன. முன்னதை முடிக்காமல் பின்னதுக்குத் தாவினால், தயாராகாத பையனை எல்லோருக்கும் காட்டிவிட்டதாக ஆகும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு ஸ்டாப்வாட்ச், நீளமான அளவு நாடா, நொடிக்கு 240 ஃபிரேம் எடுக்கும் கைபேசி, ஓரிரு நாள் இரவலாகவாவது ஒரு ரேடார் கன்.

அளவு நாடா எதற்கு? கேட்ச்சருக்கு முன்னால் உள்ள ஹோம் பிளேட்டிலிருந்து இரண்டாம் பேஸுக்கு 127 அடி 3⅜ அங்குலம். பயிற்சி மைதானங்களில் பேஸை எங்காவது போட்டுவைத்திருப்பார்கள். ஐந்து அடி குறைந்தாலே நேரம் அழகாக வரும். அதை நம்பி அனுப்பிய எண், பயிற்சியாளரின் ஸ்டாப்வாட்ச்சில் பொய்யாகிவிடும். 12, 13 வயதில் சிறிய மைதானத்தில் எடுத்த நேரங்களை அடியோடு மறந்துவிடுங்கள்.

கேட்ச்சர் மிட் (கையுறை) 33 முதல் 34 அங்குலம். புது மிட்டை ஷோகேஸ் (பயிற்சியாளர்கள் முன் திறமை காட்டும் நிகழ்வு) நாளில் போட வேண்டாம். குறைந்தது இரண்டு மாதம் பழகியிருந்தால்தான் பந்து உள்ளங்கைக்கு நேராக விழும். மார்புக் கவசத்தில் நோக்சே (NOCSAE, விளையாட்டுக் கவசங்களுக்கான தரம்) சான்று இருக்கிறதா என்று பாருங்கள். மார்பில் படும் அடியால் இதயத் துடிப்பு நிற்கும் அபாயத்தைக் கருதி வந்த விதி அது. பேட் பிபிகோர் (BBCOR, பேட்டின் துள்ளலுக்கு வரம்பு வைக்கும் தரம்) முத்திரை உள்ளதாக இருக்கட்டும். மற்ற பேட்டில் எடுத்த அடி வேகத்தை யாரும் கணக்கில் எடுக்க மாட்டார்கள்.

2. இடத்தை எண்ணுங்கள்

ஓர் அணியில் பிட்சர் பதினைந்துக்கும் மேல் இருப்பார்கள். கேட்ச்சர் மூன்று பேர், மிஞ்சினால் நான்கு. அதனால் ஒரு கல்லூரி ஓராண்டில் ஒரு கேட்ச்சரை எடுக்கும், சில ஆண்டு ஒருவரைக்கூட எடுக்காது. 2025-26 முதல், வீரர்களுக்குக் கல்லூரியே பணம் தர வழிசெய்த புதிய நீதிமன்ற ஒப்பந்தத்தில் சேர்ந்த டிவிஷன் 1 (கல்லூரி விளையாட்டின் மேல்நிலை) கல்லூரிகளில் அணிக்கு 34 பேர் என்ற உச்சவரம்பு வேறு வந்துவிட்டது. வீரர்கள் கல்லூரி மாறப் பதிவு செய்யும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியாக 21 வயது அனுபவசாலி கிடைக்கும்போது, 18 வயதுப் பையனுக்காகக் காத்திருக்கப் பயிற்சியாளருக்குப் பொறுமை குறைவு.

ஆகவே பெயர் பெற்ற கல்லூரிகளின் பட்டியலை ஒதுக்கி வைத்துவிட்டு, ஒவ்வொரு அணியின் இணையதளத்திலும் உள்ள வீரர் பட்டியலைத் திறங்கள். கேட்ச்சர்கள் எத்தனை பேர், எந்த ஆண்டு படிக்கிறார்கள், பையன் சேரும் ஆண்டில் யார் யார் வெளியேறியிருப்பார்கள் என்று எழுதுங்கள். இரண்டு பேர் முதலாண்டில் இருக்கும் இடத்தில் உங்கள் மின்னஞ்சலுக்குப் பதில் வராததற்குப் பையனின் திறமை காரணமாக இருக்காது.

முப்பது கல்லூரிகள் போதும். டிவிஷன் 1 மட்டும் போட்டு நிரப்பாமல் டிவிஷன் 2, டிவிஷன் 3, சிறு கல்லூரிகளின் தனிச் சங்கமான என்ஏஐஏ, ஈராண்டு ஜூனியர் கல்லூரி எல்லாவற்றிலிருந்தும் எடுங்கள். ஜூனியர் கல்லூரியைப் பல பெற்றோர் கௌரவக் குறைவாக நினைக்கிறார்கள். கேட்ச்சருக்கு அங்கே முதலாண்டிலேயே ஆட வாய்ப்புக் கிடைப்பது பெரிய விஷயம். பெரிய அணியின் பெஞ்சில் இரண்டு ஆண்டு உட்கார்ந்தால் யாருடைய கையும் காலும் மந்தமாகும்.

3. பந்தை வாங்கும் கை

பயிற்சியாளர் முதலில் வந்து நிற்பது புல்பென்னில், பிட்சரும் கேட்ச்சரும் சூடேற்றும் இடத்தில். அங்கே அவர் மிட்டைப் பார்ப்பார். பந்து மிட்டில் விழுந்த கணத்தில் மிட் எந்தப் பக்கம் போகிறது? ஸ்டிரைக் எல்லைக்கு (பேட்டர் அடித்திருக்க வேண்டிய பந்து வரும் பகுதி) வெளியே நழுவினால் அம்பயர் கையை உயர்த்த மாட்டார். எல்லைக்குள் நகர்ந்து அப்படியே நின்றால், சந்தேகமான பந்தும் ஸ்டிரைக் ஆகும்.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த வீடுகளில் ஒரு தவறு பழக்கமாகவே வந்துவிடுகிறது. விக்கெட் கீப்பருக்கு, பந்து வரும்போது கையைப் பின்னால் இழுத்து வேகத்தைத் தணித்துப் பிடிக்கச் சொல்லித் தருவார்கள். இங்கே அப்படிச் செய்தால் தாழ்வான பந்து இன்னும் தாழ்ந்து தெரியும். தோனி ஸ்டம்பிங் செய்யும்போது கையைப் பின்னால் கொடுக்காமல் பந்தை எதிர்கொண்டு வாங்குவாரே, அந்தக் கை வேண்டும்.

செய்முறை இது. பிட்சர் கையை உயர்த்தும்போது மிட்டைத் தளர்த்தித் தரையருகே கொண்டுபோக வேண்டும். பந்து கையை விட்டதும் கீழிருந்து மேலாக வந்து அதைச் சந்திக்க வேண்டும். காரணம், முழங்கால் உயரப் பந்துகளில்தான் அதிக ஸ்டிரைக்குகள் கிடைக்கின்றன, தொலைகின்றன. மேலிருந்து கீழே குத்தும் மிட் அவற்றையெல்லாம் இழக்கும். கட்டைவிரல் பந்துக்கு அடியில் இருக்க வேண்டும். நகர்வு இரண்டு, மூன்று அங்குலம். அரை அடி இழுத்தால் அம்பயருக்கு எரிச்சல் வரும், அடுத்த பந்திலும் அது தொடரும்.

ஒரு முழங்காலைத் தரையில் வைத்து அமரும் நிலை இன்று கல்லூரிகளில் சாதாரணம். ஆனால் பேஸில் ஆள் இருக்கும்போது என்ன நிலை வேண்டும் என்பதில் பயிற்சியாளர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. பையனுக்கு இரண்டும் தெரிந்திருக்கட்டும்.

பயிற்சிக்கு: பந்து எறியும் இயந்திரத்தை 45 அடியில் வைத்து மணிக்கு 70 மைலில் விடுங்கள். 60 அடி 6 அங்குலத்திலிருந்து வரும் ஏறக்குறைய 94 மைல் பந்துக்கு எவ்வளவு நேரம் கிடைக்குமோ அவ்வளவுதான் கிடைக்கும். ஒரு தடவைக்கு 25 பந்து, வாரம் மூன்று நாள். இயந்திரத்தைத் தொடங்கும் முன் பத்து பந்து, மெதுவாகக் கையால் போட்டு, எடை கூடிய மென்பந்தும் வெறுங்கையும். பள்ளியில் 80 மைல் பந்தையே பார்த்த பையன், கல்லூரி முகாமில் 90-ஐச் சந்திக்கும்போது மிட்டைக் குத்துவான். அந்த ஒரு குத்தலைப் பயிற்சியாளர் குறித்துக்கொள்வார்.

4. மண்ணில் விழும் பந்து

பந்து முன்னால் குத்தி வரும்போது அதைப் பிடிக்க நினைப்பதுதான் புதியவர்களின் முதல் பிழை. இங்கே வேலை பிடிப்பதல்ல, பந்தை உயிரற்றுக் கீழே போடுவது.

வரிசை முக்கியம். முதலில் மிட் தரையைத் தொட்டு இரு கால்களுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை மூட வேண்டும், விரல்கள் தரையை நோக்கியபடி. வெறுங்கை மிட்டுக்குப் பின்னால் ஒளிய வேண்டும். அதற்குப் பிறகுதான் முழங்கால்கள். முழங்கால் முதலில் போனால் கால்நடு வழியே பந்து ஓடிவிடும். தாடை மார்பில் ஒட்ட வேண்டும், தோள்கள் முன்னால் வளைந்து உடல் ஒரு குழிபோல் ஆக வேண்டும். பந்து படும் கணத்தில் மூச்சை வெளியே விட்டால் மார்பு இளகும், பந்து மூன்றடிக்குள் விழும். விறைப்பாக இருந்தால் பத்தடி தள்ளித் தெறிக்கும். அந்தப் பத்தடியில் ஓட்டக்காரர் அடுத்த பேஸில் இருப்பார்.

முகத்தைத் திருப்பும் பழக்கம் இருந்தால் டென்னிஸ் பந்தில் தொடங்குங்கள். திருப்பும்போது கழுத்தின் பக்கவாட்டில் கவசம் இல்லாத இடம் வெளியே தெரிகிறது. பயத்தில் செய்வது ஆபத்தைக் கூட்டுகிறது என்று பையனுக்கு விளக்கினால் புரிந்துகொள்வான், திட்டினால் மாறாது.

தடுத்ததும் வேலை முடியவில்லை. எழுந்து, பந்தை இரு கையாலும் அள்ளி, எறியத் தயாராக நிற்கும் வரை பயிற்சியாளரின் கண் அவன்மேல்தான்.

இதோடு சேர்த்து, தலைக்கு மேல் உயர்ந்து பின்னால் போகும் ஃபவுல் பந்தையும் (பேட்டில் பட்டு ஆட்ட எல்லைக்கு வெளியே போவது) பழக வேண்டும். அது சுழற்சியால் மைதானத்தை நோக்கி வளைந்து திரும்பும். ஆகவே கேட்ச்சர் மைதானத்துக்கு முதுகு காட்டி நின்று, பந்து எங்கே என்று தெரிந்தபிறகு முகக்கவசத்தை எதிர்ப்பக்கம் வீச வேண்டும். முன்பே வீசினால் அதன்மேலேயே தடுக்கி விழுவான்.

5. பாப் டைம்

பந்து மிட்டில் விழும் சத்தத்தில் ஸ்டாப்வாட்ச்சை அழுத்தி, இரண்டாம் பேஸில் நிற்பவரின் கிளவ்வில் விழும் சத்தத்தில் நிறுத்தினால் வருவது பாப் டைம். அவர் பேஸுக்கு முன்னால் ஓடிவந்து பிடித்தால் அந்த எண் செல்லாது.

பொதுவாக ஷோகேஸில் டிவிஷன் 1 எதிர்பார்ப்பது 2.00 நொடிக்குக் கீழே, எறியும் வேகம் மணிக்கு 78 மைலுக்கு மேல். டிவிஷன் 2, என்ஏஐஏ 2.00 முதல் 2.10. டிவிஷன் 3-இல் 2.05 முதல் 2.20 வரை வாய்ப்பு உண்டு. உண்மையான ஆட்டத்தில் எல்லோருக்கும் 0.05 முதல் 0.10 வரை கூடும்.

இந்தச் சிறு பின்னங்களுக்கு ஏன் இத்தனை மதிப்பு? பிட்சர் நகரத் தொடங்கிப் பந்து மிட்டை அடைய 1.35 நொடி. கேட்ச்சரின் 2.00 சேர்ந்தால் 3.35. நல்ல ஓட்டக்காரர் பந்து வீசும்போதே முதல் பேஸிலிருந்து ஓடி இரண்டாம் பேஸைத் திருட எடுப்பது 3.3 முதல் 3.4. டேக் செய்யும் (ஓட்டக்காரரைப் பந்தால் தொடும்) நேரத்தையும் சேர்த்தால், அவுட்டா இல்லையா என்பது 0.05-இல்தான் நிற்கிறது.

இப்போது அந்த 2.00-ஐப் பிரியுங்கள். மிட்டில் விழுந்த பந்து எறியும் கையை விட்டுப் போகும் வரை சுமார் 0.75, காற்றில் சுமார் 1.25. காற்றில் 0.10 குறைக்க எறியும் வேகம் ஆறேழு மைல் கூட வேண்டும். அது ஓரிரு ஆண்டு உடற்பயிற்சி, வளர்ச்சி. கால்வைப்பையும் கைமாற்றத்தையும் திருத்தினால் அதே 0.10 சில மாதங்களில் கிடைக்கும். முதலில் அங்கே கை வையுங்கள்.

கைபேசியை முதல் பேஸ் பக்கம் இடுப்பு உயரத்தில் வைத்து 240 ஃபிரேமில் எடுங்கள். பந்து மிட்டைத் தொட்ட ஃபிரேமிலிருந்து கையை விட்ட ஃபிரேம் வரை எண்ணுங்கள். 180 என்றால் 0.75 நொடி. 200-க்கு மேல் போனால் எங்கே வீணாகிறது என்று படம் படமாகத் தெரியும். வலது கால் இடது காலின் இடத்துக்கு வருவதற்கு முன் தலை மேலே போகிறதா? எழுந்து நின்று எறிகிறான், 10, 15 ஃபிரேம் அதிலேயே போய்விட்டது. பந்தை எடுக்க வலது கை மிட்டைத் தேடிப் போகிறதா? மிட்தான் மார்பின் நடுவுக்கு வந்து பந்தைக் கொடுக்க வேண்டும்.

இலக்கு, பேஸின் முதல் பேஸ் பக்கத்து மூலைக்கு மேல் முழங்கால் உயரம். ஐந்து எறிகளில் நான்கு அங்கே விழ வேண்டும். 1.93-இல் போய் சென்டர் ஃபீல்டுக்கு ஓடிய பந்தால் ஓட்டக்காரர் மூன்றாம் பேஸில் நிற்பார்.

6. பேட்

டிவிஷன் 1-இல் பேட்டிலிருந்து பந்து கிளம்பும் வேகம் 90 மைலுக்கு மேல் எதிர்பார்ப்பார்கள், கீழ்நிலைகளில் 80-களின் நடுப்பகுதி. 60 கெஜ ஓட்டத்தில் 7.2 நொடி கேட்ச்சருக்குக் குறையல்ல. இடக்கை பேட்டிங் கூடுதல் பலம்.

தடுப்பு உறுதியாக இருந்தால் பேட் வளரும் வரை பொறுக்கும் பயிற்சியாளர்கள் உண்டு. பின்னாளில் மேஜர் லீக் கேட்ச்சரான ஆட்லி ரட்ச்மன் ஒரிகன் ஸ்டேட்டில் முதலாண்டில் .234 பேட்டிங் சராசரி. கேட்ச்சராகத் தொடர்ந்து ஆடவைத்தார்கள். அடுத்த ஆண்டு .408, அணி 2018 கல்லூரி உலகத் தொடரை வென்றது, 2019 டிராஃப்டில் (தொழில்முறை அணிகள் வீரர்களை எடுக்கும் தேர்வு) முதல் ஆளாகத் தேர்வானார். இன்னொரு பக்கம், இன்னொரு மேஜர் லீக் கேட்ச்சரான பஸ்டர் போஸி ஃப்ளோரிடா ஸ்டேட்டில் முதலாண்டில் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவில் நிற்பவர்), இரண்டாம் ஆண்டில்தான் கேட்ச்சர். ஆகவே பையன் வேறு இடத்திலும் ஆடத் தெரிந்தவன் என்றால் அதை மறைக்க வேண்டாம். கால் சுறுசுறுப்புக்கு அதுவே சாட்சி.

7. பந்துக்கும் பந்துக்கும் நடுவில்

கல்லூரியில் எந்தப் பந்து வீச வேண்டும் என்பதைப் பெரும்பாலும் பயிற்சியாளரே டக்அவுட்டிலிருந்து சொல்வார், மணிக்கட்டு அட்டை வழியாகவோ ஒருவழி மின்னணுக் கருவி வழியாகவோ. அப்படியென்றால் கேட்ச்சர் யோசிக்கத் தேவையில்லை என்று நினைப்பது பிழை. சொன்ன பந்தை பிட்சரால் அன்று வீச முடியவில்லை என்பதை முதலில் அறிபவன் அவன்தான். இன்னிங்ஸ் முடிந்ததும் அதைப் பயிற்சியாளரிடம் வந்து சொல்லும் பையன் வேண்டும்.

இந்தக் காட்சியை எண்ணிப் பாருங்கள். பிட்சர் ஸ்டிரைக் எல்லைக்கு வெளியே நான்கு நான்கு பந்து வீசி, இரண்டு பேரைத் தொடர்ந்து முதல் பேஸுக்கு நடக்கவிட்டிருக்கிறார். ஃபவுல் பந்து ஒன்று கேட்ச்சரின் தோளில் பட்டிருக்கிறது. அடுத்து அவன் என்ன செய்கிறான்? அம்பயரை முறைத்துப் பார்க்கிறானா, பெற்றோர் பக்கம் திரும்புகிறானா, அல்லது பந்தைத் தேய்த்துக்கொண்டு பிட்சரிடம் நடந்துபோய் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வருகிறானா? ஸ்டாப்வாட்ச்சைப் பையில் போட்டபிறகும் பயிற்சியாளர் உட்கார்ந்திருப்பது இதற்காகத்தான்.

பேஸில் ஆள் இல்லாதபோது தரைப்பந்து அடிபட்டால் முதல் பேஸுக்குப் பின்னால் ஓடி எறிபிழைக்குக் காவல் நிற்கிறானா என்றும் பார்ப்பார்கள். நூறு தடவை ஓடினால் ஒருமுறை பந்து வரும். ஓடுபவனும் ஓடாதவனும் ஏழாவது இன்னிங்ஸில் தெளிவாகப் பிரிந்துவிடுவார்கள்.

8. மதிப்பெண்

9-ஆம் வகுப்பிலேயே கவனியுங்கள், பின்னால் சரிசெய்ய முடியாதது இதுதான். டிவிஷன் 1-க்கு 16 அடிப்படைப் பாடங்கள், அவற்றில் குறைந்தது 2.3 ஜிபிஏ (4-க்குக் கணக்கிடும் மதிப்பெண் சராசரி). அந்த 16-இல் 10 பாடம் 12-ஆம் வகுப்பு தொடங்கும் முன் முடிந்திருக்க வேண்டும். டிவிஷன் 2-க்கு 2.2. இவை குறைந்தபட்சம் மட்டுமே. ஹார்வர்ட் போன்ற ஐவி லீக் கல்லூரிகளிலும் டிவிஷன் 3-இலும் விளையாட்டுக்கான உதவித்தொகை கிடையாது. அங்கே படிப்புக்கும் குடும்ப வருமானத்துக்கும் தரும் உதவிதான் செலவைக் குறைக்கும். உயர்ந்த ஜிபிஏ உள்ள கேட்ச்சர், சேர்க்கை அலுவலகத்தில் பயிற்சியாளரின் வேலையையும் சுலபமாக்குகிறான்.

9. வீடியோ

மேலே சொன்னவை திருந்திய பிறகே எடுங்கள். மூன்று நிமிடத்துக்கு மேல் வேண்டாம். முதல் திரையில் பெயர், பள்ளி முடிக்கும் ஆண்டு, உயரம், எடை, ஜிபிஏ.

பந்தை வாங்குவது எட்டு, தடுப்பது ஆறு, எறிவது ஐந்து, பேட்டிங் பத்து, கடைசியில் ஆட்டக் காட்சிகள். வாங்குவதை பிட்சருக்குப் பின்னாலிருந்து எடுத்தால்தான் மிட்டின் நகர்வு தெரியும். எறிவதை கேட்ச்சருக்குப் பின்னாலிருந்து, இரண்டாம் பேஸும் படத்தில் வரும்படி, வெட்டாமல் எடுங்கள்.

பாட்டு சேர்க்க வேண்டாம். பயிற்சியாளர் தன் ஸ்டாப்வாட்ச்சை அந்த இரண்டு சத்தங்களுக்கும் அழுத்திப் பார்ப்பார். பாட்டு அதை மூடிவிட்டால், எதையோ மறைக்கிறார்கள் என்ற எண்ணம்தான் வரும்.

10. மின்னஞ்சல், தேதி, முகாம்

மின்னஞ்சலைப் பையன் எழுத வேண்டும், தன் முகவரியிலிருந்து. பெற்றோர் எழுதியது இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிடும். தலைமைப் பயிற்சியாளருக்கு மட்டும் அனுப்பாமல், வீரர் தேர்வைக் கவனிக்கும் துணைப் பயிற்சியாளருக்கும் கேட்ச்சர் பயிற்சியாளருக்கும் அனுப்புங்கள். தலைப்பிலேயே பள்ளி முடிக்கும் ஆண்டு, கேட்ச்சர், பாப் டைம், ஜிபிஏ. உள்ளே ஆறேழு வரி, வீடியோ இணைப்பு, அடுத்த ஆட்டங்களின் தேதியும் இடமும்.

டிவிஷன் 1 பயிற்சியாளர்கள் 11-ஆம் வகுப்பு தொடங்குவதற்கு முந்தைய ஆகஸ்ட் 1 வரை தேர்வு பற்றிப் பேசக் கூடாது. அதுவரை முகாம் அழைப்பும் வினாத்தாளும் மட்டும் வரலாம். டிவிஷன் 2-க்கு 10-ஆம் வகுப்பு முடிந்த ஜூன் 15. இது தெரியாமல் 9-ஆம் வகுப்பில் பதில் வரவில்லை என்று மனம் உடைந்துபோகும் பையன்கள் நிறைய.

முகாம் அழைப்பு வந்தால் உடனே பணம் கட்டிவிடாதீர்கள். பெரும்பாலானவை எல்லோருக்கும் போகும் பொது மின்னஞ்சல். உங்கள் வீடியோவில் உள்ள ஏதாவது ஒன்றைக் குறிப்பிட்டு எழுதியிருந்தால் போகலாம். இல்லையென்றால், என் ஆண்டில் கேட்ச்சர் தேடுகிறீர்களா என்று பையனைக் கேட்கச் சொல்லுங்கள். முகாமில் தெரியாத பிட்சர்களுக்குப் பிடிக்க யாராவது வேண்டும் என்று கேட்கும்போது முதலில் கை தூக்கட்டும். மற்றவர்கள் ஓய்வெடுக்கும் அந்த இருபது நிமிடம் பயிற்சியாளர் அவன் பக்கத்திலேயே நிற்பார்.

11. கல்லூரிக்குப் போகும் நாளில் கேட்க வேண்டியவை

இந்த ஆண்டில் இன்னொரு கேட்ச்சரை எடுக்கிறீர்களா? நான் சேரும் ஆண்டில் மொத்தம் எத்தனை பேர் இருப்போம்? வெள்ளி முதல் ஞாயிறு வரையிலான தொடர்களை முதல் கேட்ச்சரே பிடிப்பார், செவ்வாய் ஆட்டங்களை யார் பிடிக்கிறார்கள்? முதலாண்டுப் பையனுக்கு வாய்ப்பு வருவது பெரும்பாலும் அந்த நடுவார ஆட்டங்களில்தான். கேட்ச்சர்களுக்குத் தனிப் பயிற்சியாளர் உண்டா, அல்லது புல்பென்னில் பிட்சர்களுக்குப் பிடிப்பதே பயிற்சியா?

உதவித்தொகையைப் பற்றிப் பேச்சு வந்தால் எத்தனை ஆண்டுக்கு, எவ்வளவு, எந்த நிபந்தனையில் என்று எழுத்தில் கேளுங்கள். பிறகு பயிற்சியாளர் இல்லாத இடத்தில், இப்போதிருக்கும் இரண்டாவது, மூன்றாவது கேட்ச்சர்களோடு பையன் தனியாகப் பத்து நிமிடம் பேசட்டும். அவனுடைய முதலாண்டு எப்படி இருக்கும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.